பெட்டியில் வைத்துப் புதைத்த நிழல்

கடல் ஆளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அவன் சட்டையைப் புதைப்பது புன்னைத்துறை வழக்கம். பெட்டி செய்து, அதற்குள் அவன் கோயிலுக்கு உடுத்தும் சட்டையையும் வேட்டியையும் மடித்து வைத்து, மேலே ஜெபமாலையைச் சுற்றி வைத்து, அப்புறம் கடற்கரை மணலை வாளி வாளியாக அள்ளிக் கொட்டுவார்கள். ஏனென்றால் பெட்டி இலேசாக இருந்தால் தூக்குகிறவர்களுக்கு அழுகை வராது, தூக்குகிறவர்களுக்கு வராவிட்டால் பின்னால் நடக்கிறவர்களுக்கும் வராது, யாரும் அழாமல் ஒருவனைப் புதைத்தால் அது புதைத்ததில் சேராது என்பது ஊரின் எண்ணம். துக்க மணி அடித்ததும் சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்து, செத்தவன் பெயரைச் சொல்லி, வந்து இளைப்பாறு என்று கூப்பிடுவார். ஊரும் கூடச் சேர்ந்து கூப்பிடும். நடுக்கடலில் எந்த ஆழத்தில் கிடந்தாலும் அந்தக் குரல் கேட்டு அவன் வந்து சொந்த மண்ணில் படுத்துக்கொள்வான். இது எந்தச் சாமியார் காலத்தில் வந்த வழக்கமென்று யாருக்கும் தெரியாது. புதிதாக வருகிற ஒவ்வொரு சாமியாரும் முதலில் முகத்தைச் சுளிப்பார், முதல் பெட்டியைப் பார்த்ததும் சுளித்த முகத்தை நேராக்கிக்கொள்வார்.

சாதாரணமாக இந்த விஷயத்தில் ஊர் அவசரப்படாது. மனசு மாறுவதற்குக் கடலுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கும். ஆனால் சலேத்தும் அவன் தம்பி கயத்தானும் போன வள்ளம் புயலில் திரும்பாமல் போன அந்த வருசம், மாதா திருவிழாக் கொடியேற்றம் வாசலில் வந்து நின்றது. முடியாத துக்கம் ஒரு வீட்டில் கிடக்கும்போது கொடி ஏறக் கூடாது. பந்தல்காரன் கால் நட்டுவிட்டான், பேண்டு வாத்தியக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, வெளியூரில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் லீவு போட்டுவிட்டார்கள். கமிட்டிக்காரர்கள் சலேத்து பெண்டாட்டி தெக்கிலாவிடம் போய், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, "கொடிக்கு முன்னால துக்கத்த முடிச்சிருவோம், மதினி" என்றார்கள். தெக்கிலா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழி வெட்டி, இரண்டு பெட்டியை இறக்கி, இரண்டு பெயரையும் தொண்டை வற்றக் கூப்பிட்டுவிட்டு ஊர் கைகால் கழுவியது.

மறுநாள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போன கோயில்பிள்ளை இன்னாசி, கோயிலில் மணி அடிப்பதும் பூசைக்குச் சாமான் எடுத்துக்கொடுப்பதும் குழி வெட்டுவதும் அவர் வேலைதான், போன வேகத்தில் திரும்பி வந்து, "கயத்தான் சிலுவைக்குப் பக்கத்துல ஒரு நிழலு நிக்கி. ஆள் இல்ல. நிழலு மட்டும் நிக்கி" என்றார். ஊர் போய்ப் பார்த்தது. ஒரு மரம்கூட இல்லாத வெறும் மணல்காடு எங்கள் கல்லறைத் தோட்டம், அங்கே உச்சி வெயிலில் சிலுவைகளின் நிழல்களெல்லாம் காலடியில் சுருண்டு கிடக்க, கயத்தானின் நிழல் மட்டும் முழு ஆள் உயரத்துக்கு மணலில் நீட்டி நின்றது. சின்ன வயதில் முறிந்து கோணலாகச் சேர்ந்த அவனுடைய இடது தோளை வைத்து எல்லாரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். சலேத்தின் சிலுவைக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பாவம், கயத்தான் ஆத்துமா இளைப்பாறவில்லை என்று அவனுக்காக இன்னொரு பூசை வைத்துவிட்டு, ஊர் கொடியேற்றப் போய்விட்டது.

தெக்கிலா மட்டும் வேறு விதமாக யோசித்தாள். செத்தவன் நிழல் வந்து நிற்கிறது, என் புருசன் நிழல் வரவில்லை, அப்படியானால் என் புருசன் சாகவில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தாயில்லாத கயத்தானுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்தான், அவனுக்கென்று ஒரு குடும்பம் அமையாமல் போனபோது அமையாவிட்டால் என்ன என்று அவனைத் தன் அடுப்படியிலேயே வைத்துக்கொண்டவள், அவனுக்காக மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சலேத்துக்கும் சேர்த்து உலை வைத்தாள். அந்தச் சந்தோசத்துக்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அதை விட மனசில்லாமல் திருவிழா முழுக்க அதைத் தனியாக வைத்துக் காப்பாற்றினாள்.

பந்தல் பிரித்து, தோரணங்களெல்லாம் மழைக்கு நனைந்து சாயம் போன பிறகு, ஒரு மத்தியானம் கயத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினான். கப்பல்காரர்கள் கொடுத்த ஆரஞ்சு நிற முழு உடுப்பைக் கையையும் காலையும் சுருட்டி விட்டுப் போட்டிருந்தான். கவிழ்ந்த இடத்திலிருந்து அவனை எடுத்த சரக்குக் கப்பல் தன் வழியில் போய் ஏதோ ஒரு தேசத்துத் துறைமுகத்தில் இறக்கிவிட, அங்கிருந்து அதிகாரி கை மாறி அதிகாரி கை மாறி ஒரு பார்சலைப் போல வந்து சேர்ந்தவன். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாக அவனைப் பார்த்தார்கள், பிறகு அவன் காலடியைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் விழவில்லை.

"உன் நிழலு எங்கலே?" என்று கேட்டார் இன்னாசி.

"தெரியல மாமா. கப்பல்ல ஏத்துனப்பவே இருந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் பாக்கேன், இல்ல. கப்பல்காரன் ஒருத்தன் அதப் பாத்துட்டு நெஞ்சுல சிலுவ போட்டுக்கிட்டான்."

"அது இங்கதான் இருக்கு." காணாமல் போன ஆட்டைப் பற்றிச் சொல்கிறவர் போலத்தான் அவர் சொன்னார். "பெட்டில வச்சுப் பொதைச்சிட்டோம். கூப்பிட்டோம்லா? உனக்கு வர முடியல. எது வர முடியுமோ அது வந்திருக்கு."

அவன் தலையை ஆட்டினான். டீக்கடைப் பக்கம் கூடிய கூட்டத்தின் சத்தம் கேட்டுத் தெக்கிலா தெருவுக்கு ஓடி வந்தாள். வந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள், பிறகு அவனுக்குப் பின்னால் பஸ்ஸிலிருந்து வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தாள். பஸ் கதவைச் சாத்திக்கொண்டு போயிற்று. அவள் இத்தனை நாள் கட்டிக் காத்தது அந்த இடத்திலேயே தலைகீழாகப் புரண்டது. உயிரோடு இருப்பவனுக்குத்தான் நிழல் உண்டு, அதனால்தான் அவன் நிழல் வந்தது. செத்தவனுக்கு ஏது நிழல்? அவள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்ச் சேலையை மாற்றி வெள்ளை உடுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து கயத்தானோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. அவன் தங்கியிருந்த கடல் பக்கத்து அறை வாசலில் வேளாவேளைக்குச் சோற்றுத் தட்டு மட்டும் மூடி வைத்திருக்கும்.

அவன் அன்று சாயங்காலமே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தன் நிழலை வா என்று கூப்பிட்டான். அது வரவில்லை. அதன் மேல் போய் நின்று பார்த்தான், அது விலகிக்கொண்டது. தன் பெயர் எழுதிய சிலுவையையும் அண்ணன் பெயர் எழுதிய சிலுவையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன் அதன் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஊருக்கு எதுவும் பழகிவிடும். முதலில் பெட்டியைத் தோண்டி எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தது, மந்திரித்துப் புதைத்ததை எடுக்கக் கூடாது என்று ஒரு கட்சி, எடுத்தால் சட்டையாவது அவனுக்கு ஆகும் என்று ஒரு கட்சி. பங்குச் சாமியார் வேறு ஜில்லாவிலிருந்து வந்த இளவயசுக்காரர், ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டு நிழலைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டார், அவர்கள் அவரைக் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குள் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் அந்த நிழல் எவ்வளவு குளிர்ச்சி என்று கண்டுபிடித்து, சாப்பிட்ட கையோடு வந்து அதற்குள் தலையை மட்டுமாவது வைத்துப் படுத்து எழுந்து போக ஆரம்பித்தார்கள். ஆடுகள் வந்து அசை போட்டன. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் புனிதர்தான் இதைச் செய்தார் என்று சொல்லி ஒரு வேனில் வந்து மெழுகுவர்த்தி ஏற்றி, நிழலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். இன்னாசி நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டினார், நிழல் கயிற்றுக்கு வெளியே போய் நின்றது, இன்னாசி கயிற்றை அவிழ்த்துக்கொண்டார்.

கயத்தானுக்கு ஊரில் ஒரு புது மதிப்பும் வந்தது. கரையோரத் தண்ணீரில் ஆள் நிழல் விழுந்தால் மீன் சிதறி ஓடிவிடும், நிழலே இல்லாதவன் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் நின்றால் மீனுக்கு அவன் இருப்பதே தெரியாது. கயத்தான் ஏறிய வள்ளத்துக்கு நல்ல மீன்பாடு என்று பேராகி, விடிவதற்குள் அவன் அறை வாசலில் இரண்டு மூன்று பேர் நின்றுகொண்டு, "இன்னைக்கு எங்கூட வாடே" என்று கையைப் பிடிப்பார்கள். ஆனால் வலையை இழுத்து, மீனைப் பிரித்து, கரைக்கு வந்ததும் அவனவன் அவனவன் கூட்டாளி தோளில் கை போட்டுப் போய்விடுவான். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறானென்று நம் உடம்புக்குத் தெரிவதே அவன் நிழலால்தான் போலும், எங்களுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. டீக்கடையில் அவன் நின்றுகொண்டே இருப்பான், கடைக்காரர் அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, "நீ எப்பம்லே வந்த?" என்று கேட்பார். அவன் இருக்கும்போதே அவனைப் பற்றிப் பேசுவார்கள், கெட்ட எண்ணத்தால் அல்ல, மறதியால். யாரும் அவனை ஒதுக்கவில்லை. ஒதுக்கியிருந்தால்கூட அவனை ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆகியிருக்கும். மத்தியானத்தில் கடற்கரையில் நடக்கும்போது கூட வருவதற்குத் தன் நிழல்கூட இல்லாமல் வெட்டவெளியில் அவன் போவதைப் பார்ப்பேன். கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று நினைப்பேன், அதற்குள் வேறு எதையோ பார்த்துவிடுவேன்.

இன்னொரு வழக்கமும் புன்னைத்துறையில் உண்டு. கடலில் தப்பிக் கரையேறினவன், கரையேறின அதே உடுப்போடு பீடத்துக்கு முன்னால் நின்று, தனக்கு நடந்ததைச் சொல்லி, நன்றி ஆண்டவரே என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கு நன்றிப் பூசை என்று பெயர், அது முடிந்து ஊருக்கெல்லாம் அசனச் சோறு. அந்தச் சோற்றை எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் அவன் முழுசாகக் கரையேறினவன் என்று அர்த்தம். கயத்தான் அந்தப் பூசையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நன்றி சொன்னால் நிழல் திரும்பி வந்துவிடும் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, அதனால் அவன் சொல்லாமல் இருப்பது எல்லாருக்கும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் சாமியாரே அவன் அறைக்கு வந்தார்.

"கயத்தான், ஊரு கேக்குது. எப்ப வச்சுக்கலாம்?"

"எதுக்கு சாமி நன்றி? ரெண்டு பேரு போனோம். பாதிய எடுத்துக்கிட்டு பாதியத் தந்திருக்காரு. பாதிக்கு எப்படிச் சாமி நன்றி சொல்ல?"

சாமியாருக்குக் குருமடத்தில் சொல்லிக்கொடுத்த பதில்கள் நிறைய இருந்தன. ஒன்றையும் அவர் எடுக்கவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

"ஜெபமாவது பண்றியா?"

"இல்ல சாமி. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்ல."

"சரி" என்று சாமியார் கொஞ்ச நேரம் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "பேசலன்னாலும் அவரு இங்கதான் இருப்பாரு" என்று சொல்லிவிட்டு, தலை இடித்துக்கொள்ளாமல் குனிந்து வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பூசைக்குப் போயிருக்க, கயத்தான் அறை வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பான். பாட்டு காற்றில் வரும். தெரிந்த பாட்டு வந்தால் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பிக்கும், உடனே பல்லைக் கடித்துக்கொள்வான். எங்கள் ஊரில் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் தெருவில் கடக்கும்போது எப்படி விறைத்துக்கொண்டு போவார்களோ அப்படித்தான் அவன் கோயிலைக் கடந்து போவான். அப்படிப் போகிறவர்களுக்குத்தான் எதிராளி எந்தப் பக்கம் வருகிறான் என்று எப்போதும் தெரிந்திருக்கும்.

சோழகக் காற்று ஏறி வள்ளங்கள் கடலுக்குப் போகாத ஒரு நாள். மத்தியானம் கடந்தும் சோற்றுத் தட்டு வரவில்லை. பசி ஒரு பக்கம் இருக்கட்டும், மதினிக்கு உடம்புக்கு ஏதும் வந்துவிட்டதோ என்று பயந்து கயத்தான் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான், அடுப்பு அணைந்திருந்தது, ஆள் இல்லை. பக்கத்து வீட்டு பவுலின் கருவாடு புரட்டிக்கொண்டே, "அவ இந்நேரத்துக்குக் கல்லறைத் தோட்டத்துலலா இருப்பா. தெனமும் போவா, வந்துருவா. இன்னைக்கு என்னமோ நேரமாயிட்டு" என்றாள். கயத்தான் கொஞ்ச நேரம் தெருவில் நின்றான். பிறகு நடந்தான்.

வாசல் கேட்டிலேயே கால் நின்றுவிட்டது. வெயில் வெள்ளையாக எரிந்தது. தெக்கிலா சலேத்தின் சிலுவைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாள். கயத்தானின் நிழல் தன் சிலுவையை விட்டு விலகி வந்து அவள் மேல் விழுந்திருந்தது. அவள் மெழுகுவர்த்தியைச் சரிசெய்யக் கொஞ்சம் நகர்ந்தாள், நிழலும் நகர்ந்தது. சூரியன் இருக்கிற திசையைப் பற்றி அதற்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை, அவள் தலையிலும் முதுகிலும் வெயில் படக் கூடாது என்பது ஒன்றுதான் அதற்கு வேலையாக இருந்தது.

அவள் திரும்பாமலே, "ஏன் வெயில்ல நிக்க? உன் நிழலுதான. வந்து உக்காரு" என்றாள்.

அவன் போய் அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். நிழல் அவனுக்கும் இடம் விட்டது. இத்தனை நாளில் முதல்முறையாக அவன் தலை குளிர்ந்தது. இருவரும் சிலுவையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும்" என்றாள் தெக்கிலா. "கேக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். கேட்டா உண்மையாயிரும்லா. இன்னைக்குக் கேக்கேன். அவுக எப்படிப் போனாக?"

கப்பல்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் அவன் சொல்லியிருந்தான், ஆனால் அது வேறு. அவன் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வள்ளம் கவுந்து முங்கிட்டு மதினி. ஒரு காலி கேன் மட்டுந்தான் மெதந்துது. அது ஒரு ஆளத்தான் தாங்கும். மாத்தி மாத்திப் பிடிப்போம்னு சொன்னேன். அண்ணன் கேக்கல. என்னைய அதோட சேத்து வச்சுக் கயித்தால கட்டுனான். முடிச்ச முதுகுப் பக்கம் போட்டான். எனக்கு எட்டுற மாதிரி போட்டா நான் அவுத்துருவேன்னு அவனுக்குத் தெரியும்லா. அப்புறம் ஓரத்துல ஒரு கையால பிடிச்சுக்கிட்டே கெடந்தான். ராத்திரியெல்லாம் ஜெபம். ‘என் தம்பியக் காப்பாத்தும், என் தம்பியக் காப்பாத்தும்’னு அது ஒன்னுதான். விடிஞ்ச பெறவு தூரத்துல கப்பல் தெரிஞ்சுது. எங்களப் பாத்துட்டான், திரும்புறான். அண்ணன் அதப் பாத்தான். ‘நன்றி ஆண்டவரே, வந்துட்டீரு’ன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான். அதோட கை வழுக்கிட்டு."

அவன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். "அவ்வளவு தண்ணி குடிச்ச மனுசன் நன்றின்னு சொல்லிட்டுப் போனான் மதினி. அதக் காதால கேட்டவரு அந்தக் கையக் கொஞ்சம் பிடிச்சிருக்கக் கூடாதா? கப்பல் வர்ற வரைக்குந்தான? நன்றின்னு சொல்ல வாயத் தொறந்தா எனக்கு அண்ணன் கொரலுதான் கேக்குது. நான் எப்படி அதச் சொல்லுவேன்?"

தெக்கிலா சாய்ந்திருந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தாள்.

"சிரிச்சாகளா?" என்று கேட்டாள்.

"சிரிச்சான்."

"நல்லாச் சிரிச்சாகளா?"

"பல்லெல்லாம் தெரிய."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். "கல்யாண போட்டோவுலகூடச் சிரிக்காத மனுசன்" என்றாள், சொல்லிவிட்டு முந்தானைக்குள்ளேயே அழுதாள், கொஞ்சம் சிரித்தாளோ என்னவோ. நிழல் இருவர் மேலும் அசையாமல் நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பேசினாள். "கயத்தான், உன்மேல எனக்குக் கோவமே இல்லன்னு சொல்ல மாட்டேன். உன் மொகத்தப் பாத்தா அவுக இல்லங்கிறது தெரியுது, அதான் பாக்கல. இப்பவும் பாக்கல. ஆனா ஒன்னு சொல்லுதேன். ராத்திரி முழுக்க அவுக என்ன கேட்டாக? தன்னயவா கேட்டாக? உன்னயத்தான கேட்டாக. கேட்டது கெடைச்சுது, அதுக்கு நன்றி சொன்னாக. அவுக கணக்கு அவுகளுக்கும் ஆண்டவருக்கும் நேராப் போச்சு. நாம அதுக்குள்ள போக முடியாது. நீதான் இன்னும் வாங்கிக்காம இருக்க."

"என்னத்த மதினி?"

"உன்னய. அவுக கேட்டு வாங்கிக் குடுத்த உன்னய." அவள் மணலைக் கையில் எடுத்துச் சிலுவையடியில் சரித்துவிட்டாள். "நீ நன்றி சொல்லாம இருந்தா, முதுகுக்குப் பின்னால போட்ட அந்த முடிச்ச நீ இன்னமும் அவுக்கப் பாக்கன்னுதான் அர்த்தம்."

எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "சோறு வைக்கல இன்னைக்கு. வா, ஆக்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். கேட் வரைக்கும் நிழல் அவளோடு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கயத்தானின் நன்றிப் பூசைக்குக் கோயிலுக்குள் இடம் இல்லை. கோயில் வளாகத்தில் அசனத்துக்கு அண்டா ஏற்றியாயிற்று, இன்னாசி காலையிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கும் கோயிலுக்குமாக நடந்து நிழல் கிளம்பிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கயத்தான் அந்த ஆரஞ்சு உடுப்போடு பீடத்துக்கு முன்னால் வந்து நின்றான். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஊர் காத்திருந்தது. அவன் ஊரைப் பார்க்காமல் திரும்பி, பீடத்தைப் பார்த்து, தெருவில் நேருக்கு நேர் மறித்துக்கொண்ட ஆளிடம் பேசுவது போலப் பேசினான்.

"எனக்கு நல்லாப் பேச வராது. அண்ணனத் திருப்பிக் கேட்டேன், நீர் தரல. ஏன்னும் சொல்லல. அது எனக்கு இன்னும் வலிக்கி. வலிக்கலன்னு இங்க நின்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அண்ணன் கேட்டதக் குடுத்தீரு. கப்பல அனுப்புனீரு. அவன் போட்ட முடிச்சு அவுராமப் பாத்துக்கிட்டீரு. எங்க மதினி கையால இன்னும் சோறு திங்க வச்சிருக்கீரு." அவன் நின்றான். "அவன் போன எடத்துலயும் நீர்தான் நின்னுருப்பீருன்னு நம்புதேன். எனக்குத் தெரியல, நம்புதேன். நன்றி ஆண்டவரே."

சாமியார் மேலே பூசையைத் தொடரக் கொஞ்ச நேரமாயிற்று. இன்னாசி அடிக்க வேண்டிய மணியை அடிக்க மறந்தார். பெண்கள் பக்கம் தெக்கிலா முழங்காலில் இருந்தாள், தலை குனிந்திருந்தது.

பூசை முடிந்து எல்லாரும் எழுந்தபோது வாசல் பக்கம் நின்றவர்கள் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தார்கள். நிழல் வந்திருந்தது. படியேறி, வாசற்கல்லைத் தாண்டி, கோணல் தோளோடு நடுவழியில் நீளமாகக் கிடந்தது. "வந்துட்டுடே, வந்துட்டு" என்று ஊர் முணுமுணுத்தது, சிலர் அழுதார்கள், சிலர் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்பதையே மறந்தார்கள். கயத்தான் நடந்து வந்தான். நிழலின் பாதம் அவன் கால் பெருவிரலைத் தொடும் அளவுக்கு நெருங்கி நின்றது. ஓர் எட்டு வைத்தால் போதும்.

அவன் எட்டு வைக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து தெக்கிலா வழக்கம்போல மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு வெளியே புறப்பட்டுக்கொண்டிருந்தாள், வெளியே உச்சி வெயில் முற்றத்து மணலில் அனலாகப் பறந்தது. கயத்தான் குனிந்து, வீட்டுக்குச் சின்னப் பையனை அனுப்புகிற குரலில், "இங்க உனக்கு என்ன வேல? மதினி அங்கதான் வாராக. நீ முன்னால போ" என்றான்.

நிழல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அவன் பெருவிரலை மெல்ல உரசிவிட்டுத் திரும்பி, படியிறங்கி, வெயிலில் தனியாகக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துப் போனது. ஊரே உச்சுக்கொட்டியது. "போக விட்டுட்டியேலே" என்று இன்னாசி தலையில் கை வைத்தார். கயத்தான் முற்றத்துக்கு இறங்கி, அண்டாவில் சோறு கிண்டுகிறவன் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டான். சுற்றிலும் நின்ற எல்லாருக்கும் காலடியில் நிழல் இருந்தது.

தெக்கிலா அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். பஸ்ஸிலிருந்து அவன் இறங்கிய நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியும் மூக்கும் அண்ணனைப் போலவே இருந்தன. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நீ வெயில்ல நிக்கியேப்பா" என்றாள்.

"எனக்கு இனிமே தாங்கும், மதினி" என்றான் கயத்தான்.